வண்டி சூடானதும் முன் பிரேக் பிடித்துக்கொள்கிறது: வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா?

பாலக்கோட்டுப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய 150 சிசி வண்டியை வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. முன்புறம் டிஸ்க், பின்புறம் டிரம், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. நாள்தோறும் பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறேன். மூன்று வாரங்களாக, வீட்டிலிருந்து கிளம்பும்போது எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் வண்டி, ஏழெட்டுக் கிலோமீட்டர் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போலத் தளர்ந்துபோகிறது. இறங்கித் தள்ளிப் பார்த்தால் முன்சக்கரம் அசைய மறுக்கிறது. டிஸ்க்கின் மேல் பாட்டிலிலிருந்து சில துளி தண்ணீரைத் தெளித்தேன். 'சுர்' என்று ஆவியாகிவிட்டது. அரை மணி நேரம் புளியமரத்தடியில் நிறுத்திவைத்தால், ஒன்றும் நடவாததைப் போலச் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது.

பட்டறையில் காட்டினேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதனுள் டிஸ்க்கில் உரசும் பேட்களைப் புதிதாகப் போட்டு, பிரேக் ஆயிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது; பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது. இப்போது மாஸ்டர் சிலிண்டர் (லிவரை இழுக்கும்போது ஆயிலைத் தள்ளும் மேல்பகுதி), குழாய், காலிப்பர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு முன் காரணத்தை நானே கண்டறிய விரும்புகிறேன். அடுத்த மாதம் மனைவியுடன் தொப்பூர் இறக்கம் வழியாகச் சேலம் செல்ல வேண்டியிருப்பதால், இது எனக்குக் கவலையாகவும் இருக்கிறது. ஸ்பேனர் செட் வைத்திருக்கிறேன். சக்கரம் கழற்றி மாட்டிய பழக்கம் உண்டு.

மாந்தோப்பு எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் காவேரிப்பட்டணம். எனக்கும் இதேபோல முன் பிரேக் பிடித்துக்கொண்டது. காரணம் காலிப்பர் நகர்கின்ற இரண்டு பின்கள்தாம். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அது ஒரு பேடைத் தள்ளும்போது, காலிப்பர் முழுவதும் அந்தப் பின்களின் மேல் வழுக்கி வந்து, மறுபக்கத்துப் பேடையும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. பின்கள் காய்ந்தோ துருப்பிடித்தோ போனால் காலிப்பர் திரும்பி நகராது. பேட் டிஸ்க்கோடு ஒட்டியே நிற்கும். இரண்டு பேட்களில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

நம் பகுதிக்கு இந்தக் குறை அதிகமாக வருவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் பாத்திரத்தில் எவ்வளவு வெள்ளைப் படிவு நிற்கிறது என்பதை வீட்டில் பார்க்கிறோம். அதே நீரைத்தான் வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சுகிறார்கள். பின்னின் ரப்பர் உறைக்குள் நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. எனவே காலிப்பரைக் கழற்றி, பின்களை உருவி, துருவை மெல்லிய உப்புத்தாளால் போக்கி, ரப்பருக்குக் கேடு செய்யாத சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். ரப்பர் உறை ஊறிப் பருத்து, பின்னை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

மாந்தோப்பு சொன்னது அனைத்தும் சரி. ஆனால் கேட்டவரின் அறிகுறி வேறொன்றைக் காட்டுகிறது. நான் கிருஷ்ணகிரியில் முப்பது ஆண்டுகள் வண்டி வேலை பார்த்தவன்; இப்போது பட்டறை இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது. காலிப்பர் பின்கள் இறுகிய வண்டி, காலையில் தள்ளும்போதே உராயும். தம்பியின் வண்டியோ குளிர்ந்திருக்கையில் தாராளமாக ஓடி, சூடேறியபின் இறுகி, ஆறியதும் விட்டுவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கழற்றத் தொடங்கினால், மாற்ற வேண்டாத உதிரிகளுக்கெல்லாம் பணம் கொடுத்துக்கொண்டே இருப்போம்.

சற்று விரிவாகச் சொல்கிறேன். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே முறுக்கிக்கொள்கிறது. லிவரை விட்டதும் தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழைதான் சக்கரத்துக்குக் கிடைக்கும் விடுதலை. அது கிடைக்க வேண்டுமானால், குழாயில் உள்ள அழுத்தம் முழுவதும் மேலே மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பியாக வேண்டும். மேலே உள்ள ஆயில் கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள் உண்டு: ஒன்று சற்றுப் பெரியது, மற்றொன்று குண்டூசி முனையைப் போன்றது. லிவரை முழுவதும் விட்டபின், மிஞ்சிய அழுத்தம் கிண்ணத்துக்குத் திரும்பும் வழி அந்தச் சிறு துளைதான்.

அந்தத் துளை அடைபட்டாலோ, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல் துளையை மூடிக்கொண்டு நின்றாலோ, என்ன நடக்கும்? பேட் லேசாக உரசுகிறது. உரசலால் சூடு வருகிறது. சூட்டில் ஆயில் விரிகிறது. விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாததால் பிஸ்டனை மேலும் வெளியே தள்ளுகிறது. உரசல் இன்னும் கூடுகிறது. ஏழெட்டுக் கிலோமீட்டரில் சக்கரம் நின்றுவிடும். ஆறினால் ஆயில் சுருங்கிப் பிடி தளரும். நீங்கள் எழுதியது வரிக்கு வரி இதுவே.

ஊகத்தை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே ஓட்டி, பிரேக் பிடித்துக்கொண்டதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டிஸ்க் தோலை உரித்துவிடும் சூட்டில் இருக்கும். காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளில் ஒரு குழாயைச் சொருகி, அதன் மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் திருப்பு திறவுங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால், காலிப்பர் குற்றவாளி அன்று. அழுத்தம் மேலேயோ குழாயிலோ சிறைப்பட்டிருக்கிறது. நிப்பிளைத் திறந்த பின்னும் சக்கரம் இறுகியே இருந்தால், மாந்தோப்பு சொன்ன பின்களையும் பிஸ்டனையும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.

ராயக்கோட்டை சாலை எழுதியது:

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் அனுபவம். எனக்கு வழியில் பிடித்துக்கொண்டால், நிப்பிளைத் திறந்து சிறிது ஆயிலை வெளியேற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கிண்ணத்தில் குறைந்ததை ஒருமுறை கையிலிருந்த எஞ்சின் ஆயிலால் நிரப்பினேன். அன்று நன்றாகத்தான் பிடித்தது.

பழைய ஸ்பேனர் எழுதியது:

ஐயா, உங்கள் மேல் உள்ள அக்கறையினால் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

'பிரேக் ஆயில்' என்று நாம் வழங்கும் பெயர்தான் இந்தக் கேட்டுக்கு வேர். அது எண்ணெயே அன்று. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று டப்பாவில் எழுதியிருக்கும் மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள். பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர்கள் அந்தத் திரவத்துக்கென்றே செய்யப்பட்டவை. எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ சில துளி பட்டாலும் அவை ஊறிப் பருத்துவிடும். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பருத்தால், நான் மேலே சொன்ன சிறு துளையை அது நிரந்தரமாக மூடிவிடும். அன்று நன்றாகப் பிடித்தது என்கிறீர்கள். பருப்பதற்கு நாள் ஆகும் என்பதுதான் அதற்குப் பொருள். பிறகு கழுவிப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், காலிப்பர் சீல், குழாய், மூடியின் கீழுள்ள ரப்பர்ச் சவ்வு அனைத்தையும் மாற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் திரவம். எண்ணைப் பார்த்து 5.1 என்று எண்ணி அதை ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் கலக்கக்கூடாதவை. உங்கள் வண்டிக்கு எது வேண்டும் என்று கிண்ணத்தின் மூடியிலேயே பொறித்திருப்பார்கள்.

நிப்பிளைத் திறந்துவிட்டு ஓட்டுவதும் தீர்வு ஆகாது. சூடேறிய வண்டியில் ஆயிலை வெளியேற்றினால், ஆறியபின் லிவர் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கிண்ணம் குறைந்து காற்று புகுந்தால் லிவர் கைப்பிடி வரை வந்து மோதும், வண்டி நிற்காது. சரக்கு லாரிகள் வரிசையாக இறங்கும் தொப்பூரில் அப்படி ஒரு கணம் வாய்த்தால் என்னவாகும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ராயக்கோட்டை சாலை எழுதியது:

தெரியாமல் செய்த தவறு ஐயா. மூடியைத் திறந்து பார்த்தேன். ரப்பர்ச் சவ்வு உப்பி, தன் இடத்தில் உட்கார மறுக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டேன். ஓசூரில் மாற்று ரப்பர்கள் அடங்கிய கிட் கிடைக்கிறதா என்று விசாரிக்கிறேன்.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

உங்கள் மாடலுக்கு இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. சாலையில் தேடலாம், வார இறுதியில் நான் போகும்போது கேட்டுச் சொல்கிறேன். பழைய ரப்பரைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது, விட்டத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் பொருந்தாது.

இழையோடு சேர்ந்த ஒரு கேள்வி. என்னுடையது ஏபிஎஸ் உள்ள வண்டி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் அனைத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், என்னைப் போன்றவர்கள் இங்கே பலர் இருப்பார்கள். இந்தச் சோதனைகளை நாங்களும் வீட்டில் செய்யலாமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

பின்களைச் சுத்தம் செய்வது, பேட் மாற்றுவது, நிப்பிளைத் திறந்து சோதிப்பது ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொது. சக்கரத்தருகே உள்ள சென்சார் கம்பியை மட்டும் இழுத்துவிடாதீர்கள். ஆனால் கிண்ணம் காலியாகி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதை வெளியேற்றுவதற்குப் பல வண்டிகளில் கணினி இணைக்கும் கருவி தேவைப்படும். அது வீட்டு வேலை அன்று.

பாலக்கோட்டுப் பயணி எழுதியது:

சோதித்துவிட்டேன் ஐயா. வண்டி இறுகிய நிலையில் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் வேகமாகப் பீறிட்டது. சக்கரம் அந்தக் கணமே விடுபட்டுச் சுற்றத் தொடங்கியது. வந்த ஆயில் நீர்த்த காப்பி நிறத்தில் இருந்தது. பட்டறையில் பழையதை மாற்றாமல் மேலே மட்டும் ஊற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கிண்ணமும் மேல்கோட்டையும் தாண்டி விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது.

பழைய ஸ்பேனர் எழுதியது:

நல்லது, காலிப்பரை விட்டுவிடலாம். கிண்ணம் நிரம்பி வழிவதும் ஒரு குறையே. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் கிண்ணத்தில் ஆயில் மட்டம் இறங்கும். அந்த நேரத்தில் நிரப்பிவிட்டுப் பிறகு புது பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அவ்வளவு ஆயிலும் மேலே ஏறிவிடும். சூட்டில் விரிவதற்கு இடமே இராது. புது பேட் போட்டபின் மோசமானதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே குறை இருந்ததால், மூலம் இது அன்று.

இப்போது மிச்சம் இரண்டு: மாஸ்டர் சிலிண்டர், குழாய். பழைய ரப்பர் குழாய் உட்புறம் பிளந்து ஒருவழிக் கதவைப் போல வேலை செய்வதுண்டு. கையின் வலிமையால் ஆயில் கீழே போகும், தானாகத் திரும்பாது. அடுத்த முறை இறுகும்போது கீழே தொடாமல், மேலே மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் போல்ட்டைத் துணி சுற்றிச் சிறிது தளர்த்தினால், சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டரில், விடுபடாவிட்டால் குழாயில். ஆனால் அதற்கும் முன் ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுங்கள்: இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன் ஹேண்டில்பார் பக்கம் எதையேனும் மாற்றினீர்களா? கைப்பிடி, கண்ணாடி, லிவர், எதுவானாலும் சரி.

மலைப்பாதை எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் பிடித்துக்கொள்ளும் பிரேக்தான், ஆனால் பின்புற டிரம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கி ஏறும் வேலை. சென்ற வாரம் செயின் தொங்குகிறது என்று நானே இறுக்கினேன். அன்றிலிருந்து பின்சக்கரம் கனமாகச் சுற்றுகிறது. டிரம் தொட முடியாத சூட்டில் இருக்கிறது. செயினை அதிகம் இறுக்கிவிட்டேனோ?

மாந்தோப்பு எழுதியது:

அதுவும் இருக்கலாம், உங்கள் வண்டிக் கையேட்டில் சொல்லும் அளவுக்குச் செயினுக்குத் தொய்வு விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆனால் உண்மையான காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: செயினை இறுக்கும்போது பின்சக்கரம் முழுவதும் பின்னோக்கி நகர்கிறது, டிரம்மும் அதனோடு போகிறது, மிதியிலிருந்து வரும் பிரேக் கம்பியின் நீளமோ மாறுவதில்லை. ஆகவே மிதியை மிதிக்காமலே பிரேக் அரைகுறையாக இழுபட்டு நிற்கும். செயின் இறுக்கிய ஒவ்வொரு முறையும் கம்பியின் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, மிதி ஏறத்தாழ 20 முதல் 30 மி.மீ. வரை வெறுமனே இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கும்படி வைக்க வேண்டும்.

தளர்த்திய பின்னும் மிதி மந்தமாக மேலே வந்தால் டிரம்மைத் திறக்க வேண்டும். பிரேக் ஷூவை விரிக்கும் கேம் தண்டு, துருவும் ஷூ தூசியும் சேர்ந்து தன் துளையிலேயே இறுகியிருக்கும். தண்டை உருவி, துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அதிகமானால் உருகி ஷூவில் இறங்கிப் பிரேக் பிடிக்காமலே போய்விடும். ஷூக்களை இணைக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் சுருள் திறந்து தொங்கினால் மாற்றிவிடுங்கள், விலை மிகவும் குறைவு. ஒன்றை மறவாதீர்கள்: டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

நட்டை நான்கு சுற்றுத் தளர்த்தினேன். சக்கரம் கையால் தட்டினாலே சுற்றுகிறது. மிக்க நன்றி.

பாலக்கோட்டுப் பயணி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும்தான் நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன் வண்டி சாய்ந்து விழுந்ததில் பிரேக் லிவர் உடைந்தது. அதற்குப் பதிலாகக் குட்டையான, தூரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் வகை லிவர் ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். அதையும் இதையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நேற்று மாலை வண்டியை இறுகும் வரை ஓட்டி, நிப்பிளையும் குழாயையும் தொடாமல், லிவரைத் தாங்கும் ஆணியை மட்டும் கழற்றி லிவரை வெளியே எடுத்தேன். எடுத்த உடனே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 'டக்' என்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்தது, சக்கரம் விடுபட்டுவிட்டது. புது லிவரில் பிஸ்டனைத் தொடும் மூக்குப் பகுதி, உடைந்த பழைய லிவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு நீளமாக இருக்கிறது. அரத்தால் ராவி அதையே பயன்படுத்தலாமா?

பழைய ஸ்பேனர் எழுதியது:

ராவ வேண்டாம் தம்பி. எவ்வளவு ராவினால் சரி என்பதை அளக்க நம்மிடம் கருவி இல்லை. ராவிய முகம் சொரசொரப்பாகி, பிஸ்டனின் தலையைத் தேய்க்கும். உங்கள் மாடலுக்கு உரிய லிவரையே வாங்கி மாட்டுங்கள். மாட்டியபின் லிவரின் நுனி, பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சில மில்லிமீட்டராவது வெறுமனே ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கவில்லை என்று பொருள். சிறு துளை மூடியேதான் இருக்கும்.

லிவர் மாற்றியதோடு நிறுத்தாமல் அந்தத் துளையையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் போர்த்துங்கள், ஏனெனில் பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். தவறிப் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கிண்ணத்தின் மூடியைத் திறந்து, ஆயிலைக் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி உறிஞ்சி எடுத்துவிட்டு, லிவரை மிக மெதுவாக இழுங்கள். இழுப்பின் தொடக்கத்தில் அடியிலிருந்து ஒரு சிறு ஊற்றுப் போல ஆயில் கிளம்பினால் துளை திறந்திருக்கிறது. முகத்தை நேர்மேலே வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணில் தெறிக்கும். ஊற்று வரவில்லையென்றால், மின்கம்பிக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒற்றை இழையை உருவி அதனால் துளையைத் துழாவலாம். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

பிறகு காப்பி நிறத்து ஆயில் முழுவதையும் மாற்றுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறியபின் அதே கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் லிவர் வெற்றாகிவிடும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைச் செலவாக நினைக்காதீர்கள். மூடி திறந்து பலநாள் ஆன டப்பாவை வாங்காதீர்கள். மூடியை மாட்டும்போது ரப்பர்ச் சவ்வு மடியாமல் உட்காரட்டும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டக்கூடாது.

இவ்வளவு நாள் சூட்டில் வெந்த பேடையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். முகம் கண்ணாடிபோல மினுங்கினால் உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து லேசாகத் தேய்க்கலாம். விரிசல் இருந்தால் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் நீலம் பாரித்திருந்தால், சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாலக்கோட்டுப் பயணி எழுதியது:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். உரிய லிவரை மாட்டி, ஆயில் முழுவதையும் மாற்றினேன். ஊற்று முதல் இழுப்பிலேயே தெரிந்தது, துளை அடைபடவில்லை. பேட் மினுங்கியது, தேய்த்துப் போட்டேன். முதல் நாள் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். அடுத்த நாள் தருமபுரி வரை நிற்காமல் சென்று இறங்கித் தள்ளினேன், சக்கரம் உருண்டது. டிஸ்க்கில் தெளித்த தண்ணீர் சுர்ரென்று போகாமல் வழிந்தது. மாற்ற வேண்டியது லிவர் ஒன்றுதான்.

ஒரே ஓர் ஐயம். சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றினால், பேட் டிஸ்க்கை மெல்லியதாக உரசும் 'சர்சர்' ஒலி இன்னும் கேட்கிறது. நான்கைந்து சுற்றுச் சுற்றித்தான் நிற்கிறது.

பழைய ஸ்பேனர் எழுதியது:

அது இருக்க வேண்டிய ஒலியே. பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது மயிரிழைதான் என்று முன்பே சொன்னேன் அல்லவா? சீராக உரசினால் குறையில்லை. சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் விட்டுவிட்டு உரசினால் டிஸ்க் நெளிந்திருக்கிறது என்று எழுதுங்கள், பார்ப்போம். தொப்பூர் செல்வதற்கு முன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, அருகிலுள்ள ஏதாவது ஓர் இறக்கத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஆள் ஏறிய எடையில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பூரில் முழு இறக்கமும் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குங்கள், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.